போலந்துதானே!

நீங்கள் திருச்சியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போயிருந்தால் விராலிமலையைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு பாறை மலை. மேலே முருகன் கோயில். சுற்றிலும் மயில்கள். நம்மூரில் காக்காய் உட்காருவதுபோல அங்கே மயில் சர்வசாதாரணமாகக் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஊரில், 2000-ம் வருடம் செப்டம்பர் மாதம், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் இந்திய ஹாக்கியின் தலையெழுத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, என்னோடு நாலு பேர். எல்லோரும் திருச்சியில் கல்லூரி முடித்த, அல்லது முடித்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்த இளைஞர்கள். நண்பன் ஒருவனின் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போன கூட்டம். நண்பன் கல்லூரி ஹாக்கி டீமில் ரைட் அவுட். நான் அந்த டீமின் நிரந்தர ரசிகன். அதாவது, தண்ணீர் பாட்டில் தூக்குபவன்.

சிட்னி ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் இந்தியாவுக்கும் போலந்துக்கும் ஆட்டம்.

"இதுவரைக்கும் எத்தனை பாயின்ட்டுடா?"

"ஏழு."

"நாளைக்கு மூணு. ஆக பத்து. செமி ஃபைனல்."

"நாளைக்கு எப்படிடா மூணு?"

"போலந்துதானே மாப்ள!"

அவன் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதியிருந்த கணக்கு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அர்ஜென்டினா, 3-0 வெற்றி, 3 புள்ளி. ஆஸ்திரேலியா, 2-2 டிரா, 1 புள்ளி. தென் கொரியா, 0-2 தோல்வி, முட்டை. ஸ்பெயின், 3-2 வெற்றி, 3 புள்ளி. கடைசி வரியில் போலந்து. அதற்கு நேராக, ஆட்டம் நடப்பதற்கு முந்தைய நாளே, பேனாவால் அழுத்தமாக '3'.

அதோடு விட்டானா? மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, "முருகா, செமி ஃபைனல் போயிட்டா உனக்கு ஒரு கட்டு சுருட்டு" என்று வேண்டிக்கொண்டான்.

சுருட்டா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. அது நெடுநாள் வழக்கம். கருப்பமுத்து என்று ஒரு பக்தர். மழை, காற்று, ஆற்றில் வெள்ளம். கோயிலுக்குப் போக முடியாமல் கரையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாராம். முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். கையில் இருந்த சுருட்டில் ஒன்றை அவருக்கு நீட்டினார் கருப்பமுத்து. வந்தவர் அவரை ஆற்றைக் கடக்க வைத்துவிட்டு மறைந்துபோனார். சந்நிதிக்கு வந்து பார்த்தால் முருகன் முன்னால் அதே சுருட்டு! அன்றிலிருந்து இந்தப் பழக்கம் என்பார்கள். நடுவில் புதுக்கோட்டை ராஜா இதை நிறுத்தச் சொன்னதாகவும், முருகனே கனவில் வந்து கேட்டதால் மறுபடி ஆரம்பித்ததாகவும் சொல்வார்கள்.

ஆக, வெள்ளத்தில் மாட்டியவனைக் கரையேற்றும் சாமி. எங்கள் நண்பன் வேண்டுதலை வைத்த இடம் சரியான இடம்தான். கணக்குதான் தப்பு.

ஏன் தப்பு என்று சொல்வதற்கு முன்னால், இந்தியர்கள் ஹாக்கிக்குக் கணக்குப் போட ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சாம்ராஜ்யம் சரிந்த கதை.

*

ஒரு காலத்தில் நமக்குக் கணக்கே தேவைப்படவில்லை.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். ஐந்து ஆட்டம், 29 கோல் போட்டோம். வாங்கியது? ஒன்றுகூட இல்லை. தயான் சந்த் மட்டும் 14 கோல். 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1, ஜப்பானை 11-1. 1936 பெர்லின் ஃபைனலில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் 8-1. சுதந்திரம் வாங்கிய மறு வருடம், 1948-ல், லண்டனிலேயே போய் பிரிட்டனை 4-0.

1928-ல் இருந்து 1956 வரை ஆறு ஒலிம்பிக்ஸ், ஆறு தங்கம். 24 ஆட்டம், 24 வெற்றி. அடித்தது 178 கோல், வாங்கியது வெறும் 7. இப்படி ஒரு டீமுக்கு எந்த ரசிகன் சிகரெட் அட்டையைக் கிழித்து, 'அவன் தோத்து, இவன் டிரா பண்ணா நாம உள்ளே போகலாம்' என்று எழுதிக்கொண்டிருப்பான்? பணக்காரன் பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணுவதில்லை.

1960 ரோம் ஃபைனலில் பாகிஸ்தான் ஒரே ஒரு கோல் போட்டு அந்த வரிசையை முடித்தது. 1964 டோக்கியோவில் அதே 1-0 கணக்கில் திருப்பிக் கொடுத்தோம். பிறகு 1968, 1972 இரண்டிலும் வெண்கலம். பர்ஸ் இளைக்க ஆரம்பித்தது. எண்ண ஆரம்பித்தோம்.

கணக்கு நமக்குச் சாதகமாக வந்த நாளும் உண்டு. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை. லீக்கில் யாரும் எதிர்பாராத விதமாக அர்ஜென்டினாவிடம் 1-2 தோற்றுவிட்டோம். அடுத்து மேற்கு ஜெர்மனி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 3-1 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் மலேசியா, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். இந்தியா 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். பெனால்டி கார்னர். மனிதர் கழுத்தில் தொங்கிய தாயத்தை எடுத்து ஒரு முத்தம் கொடுத்தார். அடித்தார். கோல்! எக்ஸ்ட்ரா டைமில் இன்னொரு கோல் போட்டு ஃபைனலுக்குப் போய், பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையை வாங்கினோம். அதுதான் இன்றுவரை இந்திய ஆண்கள் அணி வாங்கிய ஒரே ஹாக்கி உலகக் கோப்பை.

தாயத்துக்கு முத்தம், சுருட்டுக்கு வேண்டுதல். ஆடுகிறவன், பார்க்கிறவன் இருவருக்கும் ஒரே வியாதி என்பதைக் கவனியுங்கள்.

*

கோப்பை வாங்கிய அடுத்த வருடமே அடி விழுந்தது.

1976 மான்ட்ரியல். ஒலிம்பிக்ஸில் முதன்முறையாகப் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை. மண்ணிலும் புல்லிலும் பந்தைக் குழந்தை மாதிரி கொஞ்சிக்கொண்டு போகும் நம்மவர்களுக்கு அது பழகாத தரை. ஆஸ்திரேலியாவிடம் 1-6. ஹாலந்திடம் 1-3. மற்ற மூன்று ஆட்டங்களை ஜெயித்தும், கடைசியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம புள்ளி.

இப்போதென்றால் கோல் வித்தியாசத்தைப் பார்த்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது அப்படி இல்லை. சம புள்ளியா, இரண்டு பேரும் தனியாக இன்னொரு ஆட்டம் ஆடு என்றார்கள். பிளே ஆஃப். 1-6 என்று நம்மை வெளுத்த அதே டீமோடு மறுபடியும்! இந்தியா விடவில்லை. 1-1. எக்ஸ்ட்ரா டைமிலும் முடிவில்லை. பெனால்டி ஸ்ட்ரோக்கில் 4-5 என்று தோற்றோம். ஆஸ்திரேலியா அங்கிருந்து ஃபைனல் வரை போய் வெள்ளி வாங்கியது. நமக்கு ஏழாவது இடம்.

1980 மாஸ்கோ. மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் என்று பெரிய தலைகள் எல்லாம் வராத ஒலிம்பிக்ஸ். நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் கேப்டன். ஆறு டீம், லீக்கில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் ஃபைனல். டான்சானியாவை 18-0, கியூபாவை 13-0. ஆனால் போலந்தோடு 2-2 டிரா! (போலந்து என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஃபைனலில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்து தங்கம். இன்றுவரை அதுதான் கடைசித் தங்கம்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ். இங்கேதான் விதி சிரித்தது. கடைசி லீக் ஆட்டம், எதிரே மேற்கு ஜெர்மனி. நாம் ஜெயித்தால் அரையிறுதி. டிரா ஆனால் இரண்டு பேருக்கும் சம புள்ளி, ஆனால் கோல் வித்தியாசத்தில் அவர்கள் உள்ளே. எழுபது நிமிடம் ஆடினார்கள். 0-0.

மான்ட்ரியலில் சம புள்ளி வந்தபோது பிளே ஆஃப் இருந்தது, கோல் வித்தியாசம் செல்லாது. லாஸ் ஏஞ்சல்ஸில் சம புள்ளி வந்தபோது கோல் வித்தியாசம் செல்லும், பிளே ஆஃப் இல்லை. இரண்டு தடவையும் அடி வாங்கியது ஒரே டீம். நமக்கு ஐந்தாவது இடம். தங்கம்? பாகிஸ்தான்.

நான் பி.காம் படித்தவன். லெட்ஜர் தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று தேடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கைத் தேடினால், தப்பு ஜெர்மனி ஆட்டத்தில் மட்டும் இல்லை. அமெரிக்காவை 5-1 அடித்தோமே, அந்த '1' எதற்கு? மலேசியாவை 3-1, அந்த '1'? ஸ்பெயினை 4-3, அந்த '3'? ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் யாரும் கவனிக்காத சில்லறை. கடைசியில் சில்லறைதான் கழுத்தை அறுத்தது. வீட்டுக் கணக்கும் இப்படித்தான் என்பது மாதக் கடைசியில் உங்களுக்கே தெரியும்.

*

இப்போது விராலிமலைக்குத் திரும்பலாம்.

சிட்னியில் பன்னிரண்டு டீம், இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு பேருக்கு மட்டும் அரையிறுதி. கோச்சாகப் போயிருந்தவர் அதே பாஸ்கரன். சென்னையின் முகமது ரியாஸ் டீமில் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், தன்ராஜ் பிள்ளை. புனே பக்கத்தில் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். பரட்டைத் தலை, கோபம், வேகம். அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது டி.வி. பெட்டியே கொஞ்சம் சாய்வது போலிருக்கும். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் தங்கம் வாங்கியிருந்தோம். இருபது வருடப் பஞ்சம் சிட்னியில் தீரும் என்று நம்பாதவன் இல்லை.

நண்பன் வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி தூர்தர்ஷன் முன்னால். முதல் பாதி கோல் இல்லை. பெண் வீட்டு மாமா ஒருவர், "என்னப்பா, சின்ன டீமுன்னு சொன்னீங்க?" என்று எங்களை முறைத்தார். இரண்டாவது பாதியில் பெனால்டி கார்னர். திலீப் திர்க்கி அடித்தார். 1-0. வீடு அதிர்ந்தது. நண்பன் மலைப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். சுருட்டு வாங்க யாரை அனுப்பலாம் என்று பேச்சு ஓடியது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து கோல் போட்டது. 1-1.

யாரும் எதுவும் பேசவில்லை. சமையல்கட்டிலிருந்து, "ஜெயிச்சாச்சா? பாயசம் ஊத்தவா?" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

அவ்வளவுதான். பத்து என்று எழுதி வைத்த இடத்தில் எட்டு. நம் பிரிவிலிருந்து ஆஸ்திரேலியாவும் தென் கொரியாவும் உள்ளே போயின. கொரியா ஃபைனல் வரை போய், ஹாலந்திடம் பெனால்டி ஸ்ட்ரோக்கில்தான் தோற்றது. இந்தியாவுக்கு ஏழாவது இடம். நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பை ஆடிய தன்ராஜ் பிள்ளை, ஒலிம்பிக் பதக்கத்தைக் கழுத்தில் போடாமலே ஓய்வு பெற்றார்.

இத்தனைக்கும் போலந்து அரையிறுதி ரேஸிலேயே இல்லாத டீம். ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதுதான் ஆபத்து. இழப்பதற்கு எதுவும் இல்லாதவன் கை நடுங்காது. நடுங்கியது நம் கை. ஒரு கோல் முன்னால் இருந்தபோது இரண்டாவதைப் போடுவதா, இருப்பதைக் காப்பாற்றுவதா என்ற தடுமாற்றம் அந்தக் கடைசி நிமிடங்களில் டி.வி. முன்னால் உட்கார்ந்த எங்களுக்கே தெரிந்தது.

அக்கவுன்டன்சியில் ஒரு பாலபாடம் உண்டு. வரவேண்டிய லாபத்தை, கைக்கு வருமுன் வரவு வைக்காதே. வரப்போகும் நஷ்டத்துக்கோ, இன்றே ஒதுக்கி வை. முதல் வருட மாணவனுக்கே தெரியும். நாங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் பி.காம். போலந்துக்கு நேராக '3' என்று எழுதியபோது ஒருத்தனுக்கும் அந்தப் பாடம் ஞாபகம் வரவில்லை.

இது எங்கள் முட்டாள்தனம் மட்டுமில்லை. ரசிகன் போடும் கணக்கு எல்லாமே இப்படித்தான். பெரிய டீமைப் பற்றி யோசிப்போம், பயப்படுவோம், டிரா என்று எழுதுவோம். சின்ன டீம் என்றால் யோசிக்காமல் முழு மார்க். 2007 கிரிக்கெட் உலகக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்றுவிட்டு, பெர்முடா பங்களாதேஷைத் தோற்கடிக்க வேண்டும் என்று நூறு கோடி பேர் வேண்டிக்கொண்டோமே! பெர்முடா உலக வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்மில் பாதிப் பேர் தேடினோம்.

*

கணக்கு பலித்த கதை ஒன்றாவது சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். கொஞ்சம் கூட்டல் கழித்தல் இருக்கிறது, பயப்படாமல் வாருங்கள்.

2022 மே மாதம், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அடுத்த வருட உலகக் கோப்பை ஒடிசாவில். நடத்துகிற நாடு என்பதால் நமக்கு இடம் உறுதி. அதனால் புதுப் பையன்களை அனுப்பினார்கள். அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம், கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் என்று இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள். ஹாக்கி நாற்றங்கால் என்று பெயர் வாங்கிய கோவில்பட்டியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. முதல் சர்வதேசப் போட்டியிலேயே கார்த்தி கோல் போட்டார். கடைசி நிமிடம் வரை 1-0. பிறகு? பாகிஸ்தான் கோல். 1-1. (சிட்னி வாசனை வருகிறதா?) அடுத்து ஜப்பானிடம் 2-5 தோல்வி. கையில் ஒரு புள்ளி. மிச்சம் இந்தோனேஷியா.

பாகிஸ்தானோ இந்தோனேஷியாவை 13-0 என்று அடித்து நான்கு புள்ளியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கடைசி நாள் அவர்கள் ஜப்பானோடு ஒரு டிரா செய்தாலே போதும். அந்த ஆட்டம் முன்னதாக நடந்தது. பாகிஸ்தான் போட்ட ஒரு கோலை நடுவர்கள் செல்லாது என்றார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். களத்தில் பதினொரு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நின்றிருக்கிறார்கள்! கடைசியில் ஜப்பான் 3, பாகிஸ்தான் 2.

இப்போது பேப்பரை எடுங்கள். பாகிஸ்தான் அடித்தது 1, 13, 2. மொத்தம் 16. வாங்கியது 1, 0, 3. மொத்தம் 4. வித்தியாசம் பிளஸ் 12. இந்தியா இரண்டு ஆட்டத்தில் அடித்தது 3, வாங்கியது 6. வித்தியாசம் மைனஸ் 3. இந்தோனேஷியாவை ஜெயித்தால் நமக்கும் நான்கு புள்ளி. ஆனால் மைனஸ் 3-லிருந்து பிளஸ் 12-ஐத் தொட வேண்டுமென்றால் பதினைந்து கோல் வித்தியாசம் வேண்டும். தொட்டுவிட்டால், வித்தியாசம் சமமானாலும் மொத்த கோல் எண்ணிக்கையில் நாம் முன்னால்.

அறுபது நிமிடத்தில் பதினைந்து கோல்! நாலு நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றுகூட வாங்கக் கூடாது. வாங்கினால் பதினாறு.

இந்தத் தடவை பையன்கள் எவரையும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று, நான்கு என்று வந்ததும் கொண்டாடவில்லை. கோல் போட்டதும் பந்தை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓடினார்கள். திப்சன் திர்க்கி மட்டும் ஐந்து கோல். கார்த்தியும் பட்டியலில் இருந்தார். இறுதி நிமிடங்களில்தான் எண்ணிக்கை நிறைந்தது. ஆட்டம் முடியும்போது போர்டில் 16-0. வேண்டியது பதினைந்து, கொடுத்தது பதினாறு. வட்டியோடு.

இந்தியா அடுத்த சுற்றுக்குப் போய், கடைசியில் வெண்கலம் வாங்கியது. பாகிஸ்தானுக்கு நேர்ந்ததுதான் பரிதாபம். நமக்கு உலகக் கோப்பை இடம் ஏற்கெனவே உறுதி. அவர்களுக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற நாடு, 2023 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனது. கடைசி நிமிடக் கோல் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போன புள்ளிகள் சிட்னியில். கடைசி நிமிடக் கோல் போட்டும் தப்பிக்க முடியாதவர்கள் ஜகார்த்தாவில். எதிரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஏதோ ஒரு லாகூர் டீக்கடையில் அன்றைக்கு எவனோ ஒருவன் சிகரெட் அட்டையில், இந்தியாவுக்கு நேராகச் சிரித்துக்கொண்டே 'பதினைந்து கோலா? நடக்கவே நடக்காது' என்று எழுதியிருப்பான். அவனை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

*

விதிகளும் மாறிவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக்ஸிலிருந்து ஹாக்கியில் காலிறுதி வந்தது. பிரிவில் முதல் நான்கு பேருக்கும் அடுத்த சுற்று உண்டு. அந்த ரியோவில் நாம் கனடாவோடு 2-2 டிரா செய்தோம். அதுவும் சின்ன டீம்தான், அதுவும் கடைசி லீக் ஆட்டம்தான். ஆனால் நான்காவது இடம் பிடித்துக் காலிறுதிக்குப் போய்விட்டோம். பெல்ஜியத்திடம் 1-3 தோற்றது வேறு கதை. போலந்து செய்ததையே கனடாவும் செய்தது, தண்டனை மட்டும் குறைந்திருந்தது.

நடுவில் இன்னும் பெரிய பள்ளம் ஒன்றும் உண்டு. 2008-ல் சிலியின் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கே போகவில்லை. 1928-க்குப் பிறகு இந்தியா இல்லாத முதல் ஒலிம்பிக் ஹாக்கி. 2012 லண்டனில் போனோம். எல்லா ஆட்டத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவது இடம். அங்கே கணக்குப் போடவே வேலை இல்லை. முட்டையை எதோடு கூட்டினாலும் அதேதானே?

அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறினார்கள். 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி, ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்தார்கள். 41 வருடம் கழித்து ஒரு பதக்கம். 1984-ல் டிராவிலேயே நம்மை வெளியே தள்ளிய நாட்டின் மேலேயே! 2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இன்னொரு வெண்கலம்.

*

டோக்கியோ ஆட்டம் முடிந்த அரை மணியில் என் போன் அடித்தது. விராலிமலை நண்பன். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிய குடும்பஸ்தன், தலையில் ரைட் அவுட் மட்டுமல்ல, லெஃப்ட் அவுட்டும் வழுக்கை. சிட்னிக்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஹாக்கி பற்றி மட்டும் இருவரும் பேச்செடுத்ததில்லை.

"டேய், பாத்தியா?"

"பாத்தேன்டா."

"கடைசி ஆறு செகண்டுல பெனால்டி கார்னர் கொடுத்தானுங்க பாரு... எனக்கு போலந்துதான் ஞாபகம் வந்துச்சு. டி.வி.யை அமத்திட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். பொண்ணு வந்து சொல்லித்தான் ஜெயிச்சதே தெரியும்."

ஸ்ரீஜேஷ் தடுத்த அந்தக் கடைசி பெனால்டி கார்னரை என் நண்பன் நேரலையில் பார்க்கவே இல்லை! இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் போலந்து போட்ட கோல் அவனை வாசலுக்குத் துரத்தியிருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு மலை ஏறினான். இருநூறு சொச்சம் படி. மூச்சு வாங்கியது. வழியில் ஒரு மயில் எங்களுக்கு வழி விடாமல் நின்று, யோசித்து, பிறகு இறங்கிப் போனது. அவன் பையில் ஒரு கட்டு சுருட்டு.

"நீ வேண்டிக்கிட்டது செமி ஃபைனலுக்குத்தானேடா? அதுவும் சிட்னிக்கு. அது நடக்கவே இல்லையே. எதுக்கு சுருட்டு?" என்றேன்.

"டோக்கியோவுல செமி ஃபைனல் போனாங்களா இல்லையா?"

"போனாங்க."

"எந்த வருஷம்னு நான் முருகன்கிட்ட சொல்லலையேடா. டேட் போடாத செக். பாஸாயிடுச்சு."

பி.காம் படித்தவன் பேச்சு வேறெப்படி இருக்கும்? சிரித்துவிட்டு, "அப்ப அந்தப் போலந்து மூணு புள்ளி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. கீழே திருச்சி ரோட்டில் பஸ்கள் எறும்பு மாதிரி போய்க்கொண்டிருந்தன.

"அதை வராக்கடன்ல எழுதித் தள்ளிட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து, 2025 கடைசியில், ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இருபத்து நான்கு டீம், ஆறு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடித்த ஆறு பேரோடு, இரண்டாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த இரண்டு பேருக்கும் காலிறுதி. கணக்குப் போடுபவர்களுக்கு இதைவிட விருந்து வேண்டுமா? திருச்சியிலிருந்து மதுரைக்கு ஆட்டம் பார்க்கப் போன கல்லூரிப் பையன்கள் எல்லோரும் விராலிமலை வழியாகத்தான் போயிருப்பார்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எவனாவது ஒருவன் கோல் வித்தியாசம் எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

நீங்களும் எழுதுவீர்கள். ஐ.பி.எல். சீசன் கடைசி வாரத்தில் ரன் ரேட் கணக்கைப் போனில் தட்டிப் பார்க்காத வீடு நம்மூரில் உண்டா? தாராளமாக எழுதுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். கடைசி வரியில் சின்ன டீம் பெயர் வந்தால், அதற்கு நேரான இடத்தை ஆட்டம் முடிகிறவரை காலியாகவே விட்டு வையுங்கள்.

போலந்துதானே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.